மோரிஸ் மைனர் மனிபோல்ட்ல பெயின்ட் நிக்குதில்லை, எதை அடிக்கலாம்?

தெகிவளையில இருந்து ஒரு தம்பி நீளமா எழுதியிருக்கிறார். பேர், கராஜ் விபரம் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு விசயத்தை மட்டும் சுருக்கிச் சொல்லுறன்.

அப்பப்பா வாங்கின மோரிஸ் மைனர், 1964 மொடல், 1098 சிசி, 1 ஸ்ரீ நம்பர், இண்டைக்கும் ஓடுது. ரெண்டு மாசத்துக்கு முதல் எஞ்சினை இறக்கி ஓவர்ஹோல் செய்திருக்கிறார். வேலை முடியேக்க கராஜ் பாஸ் எஞ்சினுக்குப் பச்சை அடிச்சு, எக்ஸோஸ்ட் மனிபோல்ட்டுக்கு (எஞ்சின்ல இருந்து புகையைச் சேர்த்து வெளிய அனுப்புற வார்ப்பிரும்புக் குழாய்) மட்டும் ரெட் ஒக்சைட் ப்ரைமர் பூசி, அதுக்கு மேல 'ஹீட் ப்ரூஃப் சில்வர்' எண்டு ஒரு டின்னை பிரஷ்ஷால மூண்டு தரம் தடிப்பா அடிச்சுக் குடுத்திருக்கிறார். ரெண்டு கிழமை போகேல்லை, கொப்புளம் போட்டு செதில் செதிலா உரிய வெளிக்கிட்டுது. இப்ப கார் சிக்னல்ல நிக்கேக்க உள்ளுக்க எரிஞ்ச மணம் வருது, மனுசிக்கு தலையிடி வருதாம், சின்னப் பிள்ளையும் பின் சீட்டில இருக்கும். அதோட காலி வீதி ட்ரஃபிக்ல, தனியாப் பூட்டின டெம்பரேச்சர் மீட்டர் ஏறுது, சூடா நிப்பாட்டிப்போட்டு கடைக்குப் போயிட்டு வந்தா ஸ்டார்ட் வரவும் பஞ்சிப்படுது.

கேள்விகள் இவை: கனடாவில இருக்கிற மச்சான் 1093 டிகிரி செல்சியஸ் தாங்குற ஸ்ப்ரே கேன் அனுப்புறன் எண்டுறார், அதையே எஞ்சின் முழுக்க அடிச்சா என்ன? செராமிக் கோட்டிங் அடிச்சா எஞ்சின் சூடு குறையுமா? கராஜ்காரர் 'பழைய காருக்கு இப்பிடித்தான், பவுடர் கோட்டிங் பண்ணுவம், மேலதிகமாக் காசு தாங்கோ' எண்டு கேக்கினம், குடுக்கிறதா, இல்லாட்டி குடுத்த காசைத் திருப்பிக் கேக்கிறதா?

தம்பி, நீங்கள் பெயின்ட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீங்கள், நான் பெயின்ட்டுக்குப் பிறகு வாறன். உங்கட கடிதத்தில எனக்கு யோசனை தந்தது வேற ஒரு வரி.

முதல்ல அந்தத் தலையிடி

புதுசா அடிச்ச ஹீட் பெயின்ட் முதல் சில ஓட்டத்தில மணக்கும், வெள்ளையா லேசாப் புகையும், அது இயல்பு. ஆனா ரெண்டு மாசம் கழிஞ்சும் மணம் வருது, அதுவும் கார் நிக்கேக்க வருது, கூட இருக்கிற ஆளுக்குத் தலையிடிக்குது எண்டா அது பெயின்ட் மணம்தான் எண்டு நீங்களா முடிவெடுக்கக் கூடாது. எஞ்சின் இறக்கி ஏத்தின கார். மனிபோல்ட்டைக் கழட்டிப் பூட்டியிருக்கினம். பழைய மனிபோல்ட்டின்ர முகம் காலப்போக்கில வளைஞ்சிருக்கும், அதை லெவல் பார்க்காமப் புது கேஸ்கட் (இடைவெளியை அடைக்கிற தகடு) வச்சு இறுக்கினா ஒரு மூலையால புகை லீக் அடிக்கும். அந்தப் புகையில கார்பன் மொனொக்சைட் இருக்கு. அதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக மணத்தைக் குறைச்சிட்டம் எண்டு நிம்மதியா இருந்தாலும் அந்த வாயு குறைஞ்சிருக்கும் எண்டு இல்லை. தலையிடி, தலைச்சுத்து, சத்தி வாற மாதிரி இருந்து, காரை விட்டு இறங்கி வெளிக்காத்துப் பட்டாச் சுகமாகுது எண்டா அது இந்த வாயுவின்ர குணம், அப்பிடி இருந்தா டொக்டரிட்டயும் சொல்லுங்கோ.

வீட்டிலயே பார்க்கலாம். காலையில எஞ்சின் ஆறிக் கிடக்கேக்க ஸ்டார்ட் பண்ணி பொனட்டைத் திறந்து கேளுங்கோ, டிக் டிக் எண்டு மனிபோல்ட் பக்கத்தால சத்தம் வந்து சூடேறச் சூடேற அது குறைஞ்சா லீக் இருக்கு (சூட்டில இரும்பு விரிஞ்சு இடைவெளி அடைபடும்). மனிபோல்ட் எஞ்சினோட சேருற ஃப்ளான்ஜ் ஓரத்தில கறுப்புக் கரி படிஞ்சிருந்தாலும் அதுதான். அதோட ஃபயர் வோல்ல (எஞ்சினுக்கும் ஆக்கள் இருக்கிற இடத்துக்கும் நடுவில இருக்கிற தகடு) வயர், கேபிள் போற ஓட்டையளைச் சுத்தி இருக்கிற ரப்பர் க்ரொமெட்டுகளைப் பாருங்கோ, அறுபது வருசத்து ரப்பர் எண்டா கையோட உதிரும், புகை உள்ளுக்க வாற வழி அதுதான்.

இன்னொரு வாய்ப்பும் இருக்கு, இது அவ்வளவு பாரதூரமில்லை: ரொக்கர் கவர் (எஞ்சின்ர மேல் மூடி) கோர்க் கேஸ்கட்டால ஒயில் கசிஞ்சு மனிபோல்ட்ல சொட்டி எரியிறது. மைனர்ல இருக்கிற இந்த ஏ சீரிஸ் எஞ்சின்ல அது சாதாரணம், மணமும் நீங்கள் எழுதின மாதிரித்தான் இருக்கும். எது எண்டாலும் பார்த்து முடியும் மட்டும் பிள்ளையை அந்தக் காரில ஏத்தவேண்டாம். கோட்டிங் எல்லாம் இதுக்குப் பிறகு, எப்பிடியும் மனிபோல்ட்டைக் கழட்டத்தான் போறீங்கள்.

ஏன் உரிஞ்சது

டின்ல எழுதியிருக்கிற நம்பரை மட்டும் பார்த்து வாங்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு, உங்கட பாஸும் அதைத்தான் செய்திருக்கிறார். எஞ்சின் எண்டு ஒரே சாமானாச் சொல்லுறம், ஆனா சூட்டைப் பொறுத்தவரை அது ரெண்டு மூண்டு தனிச் சாமான். 1098 எஞ்சினுக்கு தேர்மோஸ்டாட் (சூடான தண்ணியை ரேடியேட்டருக்கு விடுற வால்வ்) வழமையா 82 டிகிரியில திறக்கும், எங்கட மாதிரிச் சூட்டு நாடுகளுக்கு 74 டிகிரியில திறக்கிறதும் இருக்கு. தண்ணி சுத்துறதால ப்ளொக், ஹெட், ரொக்கர் கவர், சம்ப் எல்லாம் வெளிப்பக்கம் 80 இல இருந்து 120 டிகிரிக்குள்ளதான் நிக்கும். மனிபோல்ட்டுக்குத் தண்ணியே இல்லை. சும்மா ஐடில்ல நிக்கேக்கயே 200, 300 டிகிரி, ஹைவேயில 400, 500, கடுகண்ணாவை ஏத்தத்தில நாலு பேரோட மூண்டாம் கியர்ல இழுத்தீங்கள் எண்டா 600ஐயும் தாண்டலாம். இரும்பு இருட்டில மங்கலாச் சிவக்கத் தொடங்குறது 500, 550 டிகிரியில, அதை நினைச்சுப் பாருங்கோ. அதிலயும் உங்கட ஹெட் அஞ்சு போர்ட் ஹெட் (காத்தும் புகையும் போய்வர அஞ்சு ஓட்டை), ரெண்டாம் மூண்டாம் சிலிண்டர் ரெண்டின்ர புகையும் நடுவில ஒரே போர்ட்டால வெளிய வருது, அதால நடுப்பகுதிதான் கூடச் சுடும். உங்கட மனிபோல்ட்டும் நடுவில இருந்துதான் உரியத் தொடங்கியிருக்கும், பாருங்கோ.

இப்ப ரெட் ஒக்சைட். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அருமையான சாமான். ஆனா அதின்ர பைண்டர் (நிறத்தூளைப் பிடிச்சு வைக்கிற பசை) அல்கிட் ரெசின், 200 டிகிரிக்குக் கிட்டப் போகேக்கயே கருகத் தொடங்கும். கீழ இருக்கிற ப்ரைமர் கரியாப் போனா மேல எந்த உலகத்துச் சில்வரை அடிச்சாலும் அது பிடிக்க ஒண்டுமில்லை. ரெண்டாவது தடிப்பு. ஒரு அடி நீள வார்ப்பிரும்பு 500 டிகிரி ஏறினா ஒண்டரை மில்லிமீட்டருக்கு மேல நீளும், ஆறினாத் திரும்பச் சுருங்கும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இது நடக்கும். மெல்லிய படை அதோட போகும், பிரஷ்ஷால மூண்டு தரம் அப்பினது வெடிக்கும். மூண்டாவது ஒயில். வார்ப்பிரும்பில கண்ணுக்குத் தெரியாத துளையள் இருக்கு, பழகின தோசைக்கல்லு மாதிரி அறுபது வருச எண்ணெயைக் குடிச்சிருக்கு, மேலால துடைச்சாப் போகாது, சூடேறேக்க உள்ளுக்க இருந்து வேர்த்து பெயின்ட்டைத் தள்ளும். நாலாவது, எங்கட கராஜ்களில சாமானை மண்ணெண்ணெயில கழுவி துணியால துடைச்சு அப்பிடியே பெயின்ட் அடிக்கிறது. மண்ணெண்ணெய் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படையை விட்டிட்டுப் போகும், அதுக்குப் பிறகு அசிட்டோன் போட்டுத் துடைக்கவேணும், ஒருத்தரும் செய்யுறேல்லை.

அப்ப 1093 டிகிரி கேனை எல்லா இடமும் அடிச்சா?

கூடின நம்பர் எண்டா கூடின பாதுகாப்பு எண்டு நினைக்கிறீங்கள், நியாயமான நினைப்புத்தான், ஆனா இங்க அது தலைகீழ். இந்த 1093 டிகிரி கேன்கள், வீஎச்டி ஃப்ளேம்ப்ரூஃப் மாதிரிச் சாமான்கள், சிலிகோன் ரெசின். அது காய்ஞ்சாப்போல இறுகாது, சுட்டாத்தான் இறுகும். 200 டிகிரிக்கு மேல போகேக்க ரெசின் ஒண்டோட ஒண்டு பிணையும், இன்னும் மேல போகேக்க அதில இருக்கிற கரிமப் பகுதி எரிஞ்சு போய் சிலிக்கா வலை மட்டும் பிக்மென்ட்டை (நிறத்தூளை) பிடிச்சுக்கொண்டு மிஞ்சும், அந்த வலைதான் உண்மையில சூட்டைத் தாங்குறது. ரொக்கர் கவர் 120 டிகிரியைத் தாண்டாத இடம். அங்க இதை அடிச்சா வாழ்நாள் முழுக்க அரை வேக்காடுதான், ஒரு சொட்டு பெற்றோல், கொஞ்சம் ஒயில் பட்டாக் கையோட வரும். உங்கட எஸ்யு கார்பரேட்டர் (பெற்றோலையும் காத்தையும் கலக்கிற சாமான்) ஃப்ளோட் வழிஞ்சா சொட்டுறதும் அந்தப் பக்கம்தானே.

அதால ப்ளொக், ரொக்கர் கவருக்கு எஞ்சின் எனாமல், அதாவது 250, 300 டிகிரிக்கு எண்டு விக்கிறது காணும், ஒயிலுக்கும் பெற்றோலுக்கும் அது நிண்டு பிடிக்கும். உங்கட எஞ்சின்ல பாஸ் அடிச்ச பச்சை நல்லா நிக்குது எண்டு எழுதியிருக்கிறீங்கள், அதை விடுங்கோ, கைவைக்க வேண்டாம். மற்றது, அந்த 1093 எண்ட நம்பர் எப்பவாவது தொட்டுப்போற உச்சம், நாள் முழுக்க அந்தச் சூட்டில நிக்கும் எண்டு அர்த்தமில்லை, நிறத்தைப் பொறுத்தும் குறையும். மனிபோல்ட்டுக்கு சில்வர், கறுப்பு, சாம்பல் இவைதான் நம்பிக்கை, சிவப்பு நீலம் எல்லாம் படத்துக்கு வடிவு.

மனிபோல்ட்டுக்கு உள்ள வழியள்

*சிலிகோன் ஸ்ப்ரே.* செலவு குறைவு, வீட்டில செய்யலாம், ரெண்டு மூண்டு வருசத்தில திருப்பி அடிக்கவேண்டி வரலாம். கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் ஓடுற உங்கட காருக்கு, ஆயத்த வேலையை ஒழுங்காச் செய்தா, இது காணும் எண்டுதான் நான் சொல்லுவன்.

*செராமிக்.* இங்க ஒரு அவதானம் வேணும். கொழும்பில கார் வொஷ் இடங்கள் எல்லாத்திலயும் 'செராமிக் கோட்டிங்' போர்ட் தொங்குது, அது காரின்ர வெளிப்பக்கப் பெயின்ட்டுக்கு மினுக்கத்துக்குப் பூசுறது, மனிபோல்ட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாங்கள் கேக்கிறது செராகோட் ஸி சீரிஸ், ஜெட் ஹொட் மாதிரியான சாமான். ஸி சீரிஸ்ல சிலது 980 டிகிரி வரைக்கும் எண்டு குடுத்திருக்கினம், படை ஒரு 25 மைக்ரோன்தான், ஸ்ப்ரே கன்னால அடிக்கவேணும், அலுமினியம் ஒக்சைட் தூளைக் காத்தால வேகமா அடிச்சு பிளாஸ்ட் பண்ணின மேற்பரப்பு கட்டாயம், ஓவன் இல்லாட்டியும் அஞ்சு நாளில தானா இறுகும். ஒழுங்கா அடிச்சா பல வருசம் நிக்கும், வெளியில எறியிற சூட்டையும் கொஞ்சம் குறைக்கும். ஆனா அடிக்கிற ஆள் இதுக்குப் பழகின ஆளா இருக்கவேணும், 'நாங்களும் செய்வம்' எண்டு சொல்லுற ஆளிட்ட அவர் செய்து ஒரு வருசம் ஓடின மனிபோல்ட் ஒண்டைக் காட்டச் சொல்லுங்கோ, காட்ட ஏலாட்டி சிலிகோன் ஸ்ப்ரேயே திறம்.

*பவுடர் கோட்டிங்.* மனிபோல்ட்டுக்கு வேண்டவே வேண்டாம். சாதாரண பொலியெஸ்டர் பவுடரை 180, 200 டிகிரி ஓவன்லதான் உருக்கி இறுக்குறது, அந்தச் சாமான் எப்பிடி 500 டிகிரியில நிக்கும்? ஏர் க்ளீனர் மூடி, ரொக்கர் கவர், ப்ரக்கெட் இதுகளுக்கு அருமையானது. இதை மனிபோல்ட்டுக்குச் சொன்ன கராஜ் தெரியாமச் சொன்னதா, தெரிஞ்சு சொன்னதா எண்டு எனக்கு விளங்கேல்லை, எதா இருந்தாலும் அந்தக் காசைக் குடுக்காதேங்கோ.

*துணி ரேப்.* ரேஸ் கார்ல புகைக் குழாயைச் சுத்திக் கட்டியிருக்கிறதைப் பார்த்திருப்பீங்கள். மழையில ஓடி, நனைஞ்சு, நாள்கணக்கா நிப்பாட்டுற எங்கட காருக்கு அது ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், ஸ்டீல் பைப் உள்ளுக்க உளுத்துப் போறது வெளிய தெரியாது. ஒயில் ஊறினா நெருப்புப் பயமும் இருக்கு.

கண்ணாடி எனாமல் எண்டு இன்னொண்டும் இருக்கு (மேல சொன்ன எஞ்சின் எனாமல் பெயின்ட் இல்லை), ஜாகுவார் ஈ-டைப் மனிபோல்ட்டுகளில கண்ணாடி மாதிரி மினுங்குமே, அது 800 டிகிரிக்குக் கிட்டச் சுட்டு எடுக்கிற கண்ணாடிப் படை. வடிவெண்டா அப்பிடி ஒரு வடிவு. ஸ்பேனர் தவறி விழுந்தாச் சில்லுப் பறக்கும். மைனருக்கு அது ஆடம்பரம்.

ஆயத்தம், இதிலதான் எல்லாம் இருக்கு

மனிபோல்ட்டைக் கழட்டித்தான் செய்யவேணும், பூட்டினபடி பிளாஸ்டிங் எண்டு ஆராவது சொன்னா ஓடிடுங்கோ, ஒரு கைப்பிடி மண் ஒயில் வழிக்குள்ள போனா ஓவர்ஹோல் செய்த காசு முழுக்கப் போயிடும். கழட்டுறதுக்கு முந்தின நாளே ஸ்டட்டுகளுக்கு பெனட்ரேட்டிங் ஒயில் அடிச்சு விடுங்கோ. கழட்டேக்க பழைய கேஸ்கட் துண்டுகள் ஒட்டிக்கொண்டு இருந்தா அதை உலர வயர் பிரஷ் போட்டு உரசாதேங்கோ, க்ரைன்டர் போடவே கூடாது. அந்தக் காலத்து கேஸ்கட்டுகளில அஸ்பெஸ்டோஸ் (மூச்சோட உள்ள போனா நுரையீரலைக் கெடுக்கிற நார்) இருந்தது, ரீபில்ட் பண்ணினவர் பழசை முழுக்க எடுத்தாரோ தெரியாது. தண்ணி தெளிச்சு ஈரமாக்கி, மெதுவாச் சுரண்டி, பொலித்தீன் பையில போட்டுக் கட்டி எறியுங்கோ, மாஸ்க் போடுங்கோ, காத்தடிச்சு ஊதவேண்டாம்.

பிறகு அந்த சில்வரும் ரெட் ஒக்சைட்டும் முழுக்க வெளிக்கிடவேணும், பாதி விட்டு மேல அடிக்கிற கதை வேண்டாம். பிளாஸ்டிங் குடுக்கேக்க என்ன மண் போடுறீங்கள் எண்டு கேளுங்கோ. அலுமினியம் ஒக்சைட், இல்லாட்டி கார்னெட் எண்டாச் சரி. கடல் மண் எண்டா குடுக்காதேங்கோ, உப்பு இரும்புத் துளைக்குள்ள இருந்து பெயின்ட்டுக்குக் கீழால துருவைத் தள்ளும். சாதாரண ஆத்து மண்ணும் அடிக்கிறவருக்கே கூடாது, அந்தச் சிலிக்காத் தூசு நுரையீரலைத் தின்னும். அதுக்கு முதலே ஒயில் வேர்க்கட்டும் எண்டு மனிபோல்ட்டை ஓவன்ல ஒரு மணித்தியாலம் 200 டிகிரிக்குக் கிட்டச் சுட்டெடுத்தா நல்லம், வீட்டுச் சமையல் ஓவன்ல இதைச் செய்யாதேங்கோ, பிறகு அதில கேக் சுட ஏலாது.

பிளாஸ்ட் பண்ணின வார்ப்பிரும்பு சாம்பல் நிறத்தில பச்சைப்புண் மாதிரித்தான், கையால தொடக்கூடாது, க்ளவுஸ் போடுங்கோ. உங்கட வீடு மரைன் ட்ரைவ் பக்கம் எண்டா இன்னும் அவதி: எங்கட ஈரக்காத்துக்கும் கடல் உப்புக்கும் காலையில பிளாஸ்ட் பண்ணினது பின்னேரத்துக்குள்ள பழுப்படிக்கும். அதால பிளாஸ்டிங் இடத்தில இருந்து எடுத்தவுடன அசிட்டோன் போட்டுத் துடைச்சு அண்டைக்கே அடிக்கவேணும், மழை நாள் எண்டா வேலையைத் தள்ளி வையுங்கோ. துரு போக எண்டு பொஸ்போரிக் அசிட் ரஸ்ட் கன்வேர்ட்டர் பூசாதேங்கோ, அந்தப் படை இந்தச் சூட்டில நிக்காது. அதே டின் கொம்பனியே தன்ர ஹீட் ப்ரைமர் வேணும் எண்டு சொன்னா அதை மட்டும் போடலாம், இல்லாட்டி நேரா இரும்புக்கு மேலதான்.

கேஸ்கட் இருக்கிற முகத்தையும் ஸ்டட் ஓட்டையளையும் டேப் ஒட்டி மறையுங்கோ. ரெண்டு படை மெல்லிசா, மூண்டாவது கொஞ்சம் ஈரமா, இடையில பத்து நிமிசம் விட்டு. மூடுதா இல்லையா எண்டு பயந்து நாலாவது அஞ்சாவது அடிக்காதேங்கோ.

இறுக்குறதுக்கு ஓவன் இருந்தா வழமையான முறை இது: 120 டிகிரியில அரை மணித்தியாலம், ஆறவிட்டு, 200 இல அரை மணித்தியாலம், ஆறவிட்டு, 315 இல அரை மணித்தியாலம். ஓவன் இல்லாட்டி பூட்டிப்போட்டு எஞ்சினாலயே செய்யலாம், பத்து நிமிசம் ஐடில்ல விட்டு நிப்பாட்டி இருபது நிமிசம் ஆறவிட்டு, பிறகு இருபது நிமிசம் ஐடில், திரும்ப ஆறல், கடைசியா அரை மணித்தியாலம் ஓட்டம். உங்கட டின்ல வேற மாதிரி எழுதியிருந்தா டின் சொல்லுறதைச் செய்யுங்கோ. இதை மூடின கராஜுக்குள்ள செய்யவேண்டாம், அந்தப் புகையும் கூடாது, எக்ஸோஸ்ட் புகை அதைவிடக் கூடாது. முதல் சூட்டுக்குப் பிறகு எல்லாம் ஆறினாப்போல மனிபோல்ட் நட்டுகளை மனுவல்ல இருக்கிற டோர்க்குக்கு (இறுக்கிற அளவுக்கு) ஒருக்கா திருப்பி இறுக்குங்கோ, கேஸ்கட் கொஞ்சம் அமர்ந்திருக்கும்.

சூடு ஏறுறது வேற வருத்தம்

செராமிக் அடிச்சா டெம்பரேச்சர் மீட்டர் இறங்கும் எண்டு நினைச்சு அதுக்குக் காசு சேர்க்காதேங்கோ. மனிபோல்ட் கோட்டிங் பொனட்டுக்குள்ள இருக்கிற காத்தின்ர சூட்டைக் கொஞ்சம் குறைக்கும், தண்ணியின்ர சூட்டை அது தீர்மானிக்கிறேல்லை. ரேடியேட்டர் கோர் பாதி அடைபட்டிருக்கலாம், ப்ளொக்கின்ர பின்பக்கம் வண்டல் இறுகிக் கிடக்கலாம், ரீபில்ட் பண்ணினவர் அதைக் குத்தி எடுத்தாரா எண்டு கேளுங்கோ. புதுசா பிஸ்டன் ரிங் போட்ட எஞ்சின் முதல் கொஞ்சம் கூடச் சுடுறதும் உண்டு.

ஆனா ஒண்டை முதல்ல பார்க்கச் சொல்லுவன், இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில பொறி விழுற நேரம். டைமிங் பிந்தி நிண்டா பெற்றோல் சிலிண்டருக்குள்ள முடியிறதுக்குப் பதிலா எரிஞ்சுகொண்டே எக்ஸோஸ்ட்டுக்கு வரும், தண்ணியும் சூடாகும், மனிபோல்ட்டும் இருக்கவேண்டியதைவிடக் கூடச் சிவக்கும். உங்களுக்கு ரெண்டு வருத்தமும் ஒண்டா வந்திருக்கிறதால எனக்கு இதில சந்தேகம் கூட. இதைத் திருத்தாம உலகத்திலயே திறமான கோட்டிங்கை அடிச்சாலும் அது தண்டம்.

சூடா நிப்பாட்டினா ஸ்டார்ட் வராதது, கார்பரேட்டருக்குள்ள பெற்றோல் கொதிக்கிறதா இருக்கலாம், இந்த எஞ்சின்ல இன்டேக்கும் (காத்தும் பெற்றோலும் உள்ள போற வழி) எக்ஸோஸ்ட்டும் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டு இருக்கிறதால அந்தச் சூடெல்லாம் நேரா எஸ்யுவுக்குத்தான் போகுது. ஒரு அலுமினியத் தகட்டை வெட்டி இடையில ஹீட் ஷீல்ட் வைக்கிறது கோட்டிங்கைவிட மலிவு, பலனும் கூட.

கராஜோட காசு விசயம்

நான் சட்டத்தரணி இல்லை, ஆனா இந்த வேலைகளில இருக்கிற ஆளா கொஞ்சம் தெரியும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சாமானுக்கு மட்டுமில்லை, சேவைக்கும் பொருந்தும். முறைப்பாட்டை எழுத்தில குடுக்கவேணும், அதுவும் சேவை தந்து மூண்டு மாசத்துக்குள்ள. உங்களுக்கு ரெண்டு மாசம் போயிட்டுது, அதால இழுத்தடிக்க விடாதேங்கோ. அவையின்ர இலக்கம் 1977. பில் இல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள், இப்ப போய்க் கேளுங்கோ, கேட்டா எழுதித் தரவேண்டியது அவையின்ர கடமை.

ஆனா சண்டையோட தொடங்கவேண்டாம். உரிஞ்ச மனிபோல்ட்டைக் கழட்டிச் சுரண்டமுதல் நல்ல வெளிச்சத்தில போட்டோ எடுங்கோ, ரெட் ஒக்சைட் தெரியிற மாதிரி ஒண்டு. அந்த சில்வர் டின்னைக் காட்டச் சொல்லி லேபலையும் எடுங்கோ. 200 டிகிரி டின் எண்டாப் பிழையான சாமான், 600 டிகிரி டின் எண்டாலும் சாதாரண ப்ரைமருக்கு மேல அடிச்சது பிழையான முறை, ரெண்டு பக்கத்தாலயும் பொறுப்பு வேலை செய்த ஆளுக்குத்தான். கேக்கிறதையும் அளவாக் கேளுங்கோ: எஞ்சின் பெயின்ட் நல்லாத்தான் நிக்குது, ஓவர்ஹோல் வேலையிலயும் லீக் இல்லாட்டி குறை சொல்ல ஏலாது, ஆக மனிபோல்ட் கழட்டிப் பூட்டுற கூலியும் பிளாஸ்டிங் காசும் அவையின்ர கணக்கில, கோட்டிங் சாமான் உங்கட கணக்கில எண்டு கேட்டா நியாயமான பாஸ் ஒத்துக்கொள்ளுவார். லீக் எண்டு தெரியவந்தா அது வேற கதை, அதை முழுக்க அவையே இலவசமாத் திருத்தவேணும். கதைச்சுச் சரிவராட்டி உங்கட பகுதி இணக்க சபையும் இருக்கு, கோர்ட்டுக்குப் போற அளவுக்கு இது பெரிய தொகை இல்லை.

மச்சான் அனுப்புற கேன்

அனுப்ப வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. எரியக்கூடிய ஸ்ப்ரே கேன் ஆபத்தான சரக்கு, சாதாரண ஏயார் பார்சல்ல போடக்கூடாது, ஆரும் வரேக்க சூட்கேஸ்ல வச்சுக் கொண்டுவரவும் விடாயினம், எயார்போர்ட்ல எடுத்துப்போட்டுத்தான் விடுவினம். கொழும்பு பஞ்சிகாவத்தை கார் சாமான் கடையளில தேடினா சிலிகோன் ஹை டெம்ப் ஸ்ப்ரே எடுக்கலாம். 600 டிகிரிக்கு மேல எண்டு இருக்கோ, எப்பிடிச் சுட்டு இறுக்கவேணும் எண்டு டின்ல எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ, சுடுற முறை எழுதாத டின் எண்டா அது சிலிகோன் எண்டு நம்பாதேங்கோ. மச்சான் ஏதும் செய்யத்தான் வேணும் எண்டு நிண்டா, ஏ சீரிஸ் எஞ்சினுக்குரிய அஸ்பெஸ்டோஸ் இல்லாத மனிபோல்ட் கேஸ்கட் ஒண்டு, ரொக்கர் கவர் கோர்க் ஒண்டு, மனிபோல்ட்டுக்குப் பித்தளை நட் ஒரு செட், இவ்வளவையும் ஒரு கவருக்குள்ள போட்டு அனுப்பச் சொல்லுங்கோ.